அந்த ஆளைப் போல

"இடது கையை இன்னும் மேல தூக்குங்க. மாஸ்டர் எப்படித் தூக்குறார்னு டிவியில பாருங்க" என்றாள் மனைவி.

பக்கவாதம் வந்த கை. பாதி எழுந்ததுமே நடுங்கியது. திரையில் ஓடிய, தாய் சி என்ற சீன உடற்பயிற்சிப் பாடத்தில் மாஸ்டரின் கை தண்ணீரில் மிதப்பதுபோல் எழுந்தது.

"அந்த ஆளப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. நிறுத்து!"

"மாட்டேன். இப்ப விட்டா கை இப்படியே நின்னுடும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அவன மாதிரி எனக்கு வராதுடி!"

வலது கையால் ரிமோட்டை டிவியை நோக்கி வீசினார். குறி தப்பிச் சுவரில் மோதிச் சிதறியது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கை மெல்ல மெல்ல ஏறித் தோளைத் தாண்டியது.

திரையில் பாடம் முடிந்தது. மாஸ்டர் வணங்கி நிமிர்ந்து, படம்பிடிப்பவரைப் பார்த்து, "போதுமாடி? ஒழுங்கா வந்திருக்கா?" என்று கேட்டார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே பதில் சொன்ன குரல், இப்போது அதே கையைத் தாங்கி நிற்பவளுடையது.

"உங்கள அடிச்சுக்க ஆளே இல்லீங்க!"