மாற்றம் இல்லை

இணைய விளையாட்டில் யார் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும், அடுத்தவர் காதில் அது அதே குரலில் அன்பான பேச்சாகத்தான் விழும். மென்பொருள் உடனுக்குடன் மாற்றிவிடும். தினமும் சில பதிவுகளைக் கேட்டு, மாற்றியது சரிதானா என்று பார்ப்பது நிரஞ்சனாவின் வேலை.

அன்று வந்த பதிவில் கணவன் பிரபாகரின் குரல் கேட்டது. கூட விளையாடிய பெண் ஆட்டத்தைக் கோட்டைவிட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பரவால்லம்மா, அழாத. நான் இருக்கேன்ல?"

நிரஞ்சனா அதை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். வீட்டில் அவளை "ஏ தண்டம்" என்று கூப்பிடுகிறவன் அவன். வாயில் வந்தது வசவாகத்தான் இருக்கும், இந்தக் கொஞ்சலெல்லாம் மென்பொருள் செய்த வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டு அசல் பதிவைத் திறந்தாள்.

"பரவால்லம்மா, அழாத. நான் இருக்கேன்ல?"

கீழே 'மாற்றம் இல்லை' என்றிருந்தது.

அவள் அதை 'வசவு' என்று குறித்து, அவன் கணக்கை முடக்கினாள்.

சற்று நேரத்தில் மேலாளர் ஜெசிந்தா அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"நல்லாத்தானேம்மா பேசியிருக்கான்? இதுல யாரத் திட்டியிருக்கான்?"

"என்னைத்தான் மேடம்" என்றாள் நிரஞ்சனா.