திருப்பி அனுப்பிய விறகு

காவ்ரில் வெட்டி அடுக்கிய விறகை, சவேதா தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதே கதைதான். சனிக்கிழமை ஆனால் அவன் ஜெபவீட்டின் பின்பக்கம் விறகைக் கொண்டுவந்து வைப்பான். ஞாயிறு ஆராதனைக்கு அடுப்பு மூட்டுவது சவேதாவின் பொறுப்பு. அவள் அதில் ஒரு கட்டையைக்கூட எரிக்க மாட்டாள்.

பார்க்க எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவளிடம் போய் யார் சொல்வது?

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் காவ்ரில் எங்கள் ஊர்ப் போலீஸ்காரன். ஜெபவீட்டை இழுத்துப் பூட்டியவன். வைக்கோலுக்குள் பைபிள் ஒளித்து வைத்தார் என்று சவேதாவின் புருஷன் யோசிப்பைப் பிடித்துக்கொண்டு போனவன். யோசிப் சிறையிலிருந்து இருமிக்கொண்டே திரும்பினார். அடுத்த பிளம் அறுவடைக்கு அவர் இல்லை.

அப்புறம் தலைநகர் புகாரெஸ்ட்டில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. காவ்ரிலின் சீருடையும் கழன்றது. பெண்டாட்டி செத்த பிறகு ஒருநாள் ஜெபவீட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பிறகு விடாமல் வந்தான். கூரை ஒழுகலை அடைத்தான், வாசல் பனியை அள்ளினான், வேலிக்கு வண்ணம் அடித்தான். மரங்கள் துளிர்த்த சமயம், தனக்கு ஞானஸ்நானம் கிடைக்குமா என்று போதகர் ஓனிசிமிடம் கேட்டான்.

எங்கள் வழக்கப்படி அதைச் சபை கூடி, கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். இன்னும் ஒரு வருஷம் உழைக்கட்டும், பார்க்கலாம் என்றார் ஒருவர். அவன் பண்ணியதற்கு ஒரு வேலியும் கூரையும் போதுமா என்று கேட்டார் இன்னொருவர். காவ்ரில் தொப்பியைக் கையில் கசக்கியபடி எழுந்து, எத்தனை வருஷம் ஆனாலும் உழைக்கிறேன், போதும் என்று தோன்றும்போது சொல்லுங்கள் என்றான்.

எல்லோரும் சவேதாவைப் பார்த்தோம். அவள் மெதுவாக எழுந்தாள்.

"காவ்ரில், விறகு வெட்டி என் யோசிப்பைத் திருப்பித் தந்துட முடியுமா உன்னால?"

அவன் தலை குனிந்தான். "முடியாது, சகோதரி."

"அப்புறம் எதுக்கு வெட்டுற? மலைக்காடு முழுக்க வெட்டிக் கொண்டாந்தாலும் அதுக்கு ஈடாகாது. நான் வாங்கி எரிச்சேன்னு வை, கொஞ்சம் கொஞ்சமா சரியாயிட்டு வருதுன்னு நீ நெனச்சுக்குவே. அதான் திருப்பி அனுப்பினேன்."

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"வாழ்நாள் பூரா இந்தத் தரையைத் தேய்ச்சவ நான். அதுக்காகவா இயேசு என்னைச் சேத்துக்கிட்டாரு? எனக்கே சும்மா கெடச்சதுதான். இவனுக்கு மட்டும் வெல சொல்லச் சொல்றீங்களா?"

பிறகு காவ்ரிலிடம் சொன்னாள்: "வெறுங்கையோட வா."

முதலில் உயர்ந்தது அவள் கைதான். மற்ற கைகள் ஒவ்வொன்றாக அதன் பின்னால் எழுந்தன.

பனி உருகி ஓடிய கிரிஷ் ஆற்றில் காவ்ரிலை முழுக்கி எடுத்தார் போதகர். கரையேறியவன் நடுங்கிக்கொண்டு நின்றான். சவேதா போர்வையை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டே அவன் கேட்டான்.

"அப்போ... என்னை மன்னிச்சுட்டீங்களா, சகோதரி?"

சவேதா போர்வையின் நுனியை அவன் தோளுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"இன்னும் இல்லை, காவ்ரில். முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா இயேசு என்னைக் கேட்டுக்கிட்டா உன்னை மன்னிக்கணும்?"