டப்பாவின் மேல் ஓர் இலை

கடையின் பிஸ்கட் வரிசையில், டியூப்லைட் வெளிச்சத்தில், பச்சை டப்பா ஒன்றைக் கைக்குழந்தையைப் போல் ஏந்தி நிற்கிறார் டிசைனர். உணவு டப்பாக்களுக்குப் படம் வரைவதுதான் அவர் பிழைப்பு. சர்க்கரை எகிறிவிட்டது, இனிப்பைத் தொட்டால் தெரியும் சேதி என்று டாக்டர் காலையில்தான் மிரட்டி அனுப்பியிருக்கிறார். "இங்க பாரு, வெள்ளைச் சர்க்கரை இல்லை, முழுக்க இயற்கைன்னு போட்டிருக்கான். இலைகூட இருக்கு!" என்று மனைவியிடம் நீட்டுகிறார், முகத்தில் லாட்டரி விழுந்த களை. அவள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்து எறும்பு எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கிறாள். "குளுக்கோஸ் பாகு, பேரீச்சம்பழப் பாகு, தேன். சர்க்கரையை மட்டும் வீட்ல விட்டுட்டு அதோட அண்ணன் தம்பிங்களை எல்லாம் கூட்டிட்டு வந்திருக்கான்." பக்கத்தில் தள்ளுவண்டியோடு நிற்கும் பெண்மணி, தான் எடுத்த அதே டப்பாவைச் சத்தமில்லாமல் அலமாரியில் திரும்ப வைக்கிறாள். "இலையைப் பார்த்து ஏமாந்துட்டேன்" என்று முனகியபடி டப்பாவைத் திரும்ப வாங்குகிறவரின் கட்டைவிரல், இலை நுனியில் தொங்கும் பனித்துளியின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது. காது மடல் சிவக்கிறது. "என்னங்க ஆச்சு?" "இது... நான் வரைஞ்சது. அஞ்சு வருஷம் இருக்கும்." மனைவி அலமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். பிஸ்கட் பாக்கெட்டுகளும் சேர்ந்து சலசலக்கின்றன. "சரி, எந்தச் செடியைப் பார்த்து வரைஞ்சீங்க?" அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார். "எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு தொட்டிச் செடி இருக்குல்ல, அது." "ஐயையோ, அது பிளாஸ்டிக் ஆச்சே!"