ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏரி

ஜன்னலைத் திறந்ததும் வழுக்கைத்தலைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, குடலைப் புரட்டுது சார்! இதுக்குப் பேரு ஏரியா? சாக்கடை!”

டை கட்டியவர் எட்டிப் பார்த்தார். “தண்ணி தெளிவாத்தானே சார் இருக்கு? யாரோ நீந்தறாங்க பாருங்க.”

“நாளைக்கு அந்த ஆளைப் பாருங்க, உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு நிப்பார். தண்ணி இந்த லட்சணத்துல இருந்தா, கரையில இருக்கற வீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.”

“என்ன சார், ஏரியைப் பார்த்த வீடு! எங்க மாமனார்கூட இப்படி ஒண்ணைத்தான் தேடிட்டிருக்கார்.”

“அவருக்கு மூக்கு இல்லையா?”

நாற்றம் நிஜமாகவே தாங்க முடியவில்லை. டை கட்டியவரும் கர்சீப்பை எடுத்துவிட்டார். “சரி சார், மதிப்பைப் பாதியாவே போட்டுக்கலாம்” என்று ஃபைலில் கையெழுத்திட்டுக் கிளம்பினார்.

அவரை வழியனுப்பிய கையோடு வழுக்கைத்தலைக்காரர் மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“ஏம்மா, வீட்டு வரி ஆபீசர் போயாச்சு! இனிமே நமக்குப் பாதி வரிதான். ஜன்னலுக்குக் கீழே வெச்ச அழுகின மீனை எடுத்துப் புதைச்சிடு. சாயங்காலம் நம்ம வீட்டை விலைக்குக் கேட்டு வர்றாங்க. ஏரித்தண்ணி பன்னீர் மாதிரி இருக்கும்னு அடிச்சுச் சொல்லணும்!”

“வேண்டாம், மீன் அங்கேயே இருக்கட்டும்!”

மறந்துவிட்ட பேனாவுக்காகத் திரும்பி வந்த ஆபீசர் வாசலில் நின்றிருந்தார்.

“வர்றது எங்க மாமனார்தான் சார். இன்னிக்குச் சாயங்காலம் ஏரிக்கரையில ஒரு வீடு பார்க்கப் போறேன்னு சொல்லிட்டிருந்தார். இந்த ஊருக்குக் குடிவந்தார்னா மூணு வேளையும் எங்க வீட்டுலதான் இருப்பார். அவர் பார்த்துட்டு ஓடற வரைக்கும் மீனைத் தொடாதீங்க. மீன் நகர்ந்தா, வரி ஏறிடும்!”