காய்ந்த கட்டை

"தண்ணி டம்ளரையே ரெண்டு கையால பிடிக்கிறார் உங்கப்பா. அவர்கிட்டப் போய் மரம் அறுக்குற மிஷினைக் குடுக்கப்போறியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

அம்மா கத்தியது மகள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பழைய டூத் பிரஷ்ஷால் மிஷின் இடுக்கிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதாம்மா."

"ஆசையாக் கேட்டா விஷத்தையும் கொடுப்பியா?"

அது தாத்தா மரம் வெட்டப் போன காலத்து மிஷின். அவருக்குப் பிறகு அப்பா கைக்கு வந்தது. அப்பாவுக்கும் கை நடுக்கம் வந்ததும், ஷெட்டில் சாக்குக்கு அடியில் போய் முடங்கியது. அதில் ஒரே ஒரு கட்டையை அறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லப்போக, மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கார்புரேட்டரைக் கழுவினாள். பிளக்கை மாற்றினாள். துருவைத் தேய்க்கத் தேய்க்க, பழைய சிவப்பு பெயிண்ட் வெளியே வந்தது. கைப்பிடியில் தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்திருந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுப் பின்னால் ஒரு கட்டையைப் போட்டு வைத்தாள். அப்பா மிஷினை மடியில் வைத்துத் தடவினார். செயினை விரலால் வருடினார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கேம்மா."

மகள் கயிற்றை இழுத்தாள். மிஷின் இருமியது, செருமியது, பிறகு தெருவே கேட்கும்படி அலறியது. பெட்ரோல் வாசனை வந்ததுமே அப்பாவுக்குப் பழைய முகம் வந்துவிட்டது. அவர் பிடிக்க, பின்னால் நின்று மகளும் சேர்ந்து பிடித்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

புகைதான் வந்தது. கட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்ததே தவிர, தூள் உதிரவில்லை.

"மரம் ரொம்பக் காஞ்சுபோச்சு," என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தச்சர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மரத்து மேல ஏன் பழி போடுறீங்க? உங்க பொண்ணு செயினைத் திருப்பி மாட்டியிருக்கு. பல்லெல்லாம் பின்னாடி பார்க்குது. அப்புறம் எங்க அறுக்கிறது? உரசத்தான் உரசும்."

"அய்யோ, கவனிக்காமப் போயிட்டேனே." மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மிஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தச்சரும் சிரித்தபடியே நகர்ந்தார்.

அம்மா பிடித்துக்கொண்டாள். "வீடெல்லாம் எண்ணெயாக்கிட்டு, கடைசியில ஒரு செயினை மாட்டத் தெரியலை. இதுல 'நல்லா பண்ணியிருக்கே'ன்னு நீங்க பாராட்டு வேற."

"மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுடப் போகுது. என் கையில வெட்டு விழக்கூடாதுன்னு வேணும்னேதான் திருப்பி மாட்டியிருக்கா. தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"எங்கப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்ப, நானும் இதே மிஷினை இப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன்."

"மாமா கண்டுபிடிக்கலையா?"

அப்பா கட்டையில் விழுந்த கறுப்புக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"கண்டுபிடிக்கலைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அன்னைக்கு அவரும், 'மரம் ரொம்பக் காஞ்சுபோச்சுடா'ன்னுதான் சொன்னார்."