நூலகத்தில் ஒரு டப்பா

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து மௌரீன் பள்ளிக்குத் திரும்பிய அன்றே, சீதாலட்சுமி தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறையை விட்டு வெளியேறி, நூலகத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே மேசையில் பகிர்ந்து உண்டவர்கள் அவர்கள்.

"எல்லாம் உங்க மீனாலதான் மிஸ்," என்றாள் கணக்கு ஆசிரியை வீணா. "இத்தனை வருஷம் அவங்களுக்காக நீங்க சைவம் மட்டும் கொண்டு வந்தீங்க. பக்கத்துல உட்கார்ந்தாங்க. இப்ப பாருங்க, அவங்க மல்லேஸ்வரத்து வீட்டு மடி ஆசாரம் வெளியே வந்துடுச்சு!"

"மீனை நானா கேட்டேன்? டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தது. அதுல இருக்கிற கொழுப்பு இதயத்துக்கு நல்லதாம்."

"அதை அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. கொழுப்புன்னாலே கறியும் மீனும்தான்னு நினைக்கிறவங்க. நெய் மட்டும் என்ன, மரத்திலயா காய்க்குது?"

மௌரீன் சிரிக்கவில்லை.

"சீதா தினமும் ரெண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தா, வீணா. அந்த டயட் சீட்டைக்கூட அவதான் எனக்குப் படிச்சுக் காட்டினா."

"ஆஸ்பத்திரியில மீன் வாசனை இல்லையே மிஸ்!"

அந்தச் சொல் தைத்தது.

வியாழக்கிழமை, மௌரீன் மீனை வீட்டிலேயே வைத்துவிட்டு இரண்டு சப்பாத்தியுடன் வந்தாள். மதிய மணி அடித்ததும் நேராக நூலகத்துக்குப் போனாள்.

அவளைக் கண்டதும் சீதாலட்சுமி தன் டப்பாவைப் படக்கென்று மூடினாள்.

"மூடாதே. நான் பாத்தாக்கூட ஆகாதா?"

"நீ எதுக்குடி இங்க வந்தே?"

"இன்னிக்கு மீன் கொண்டு வரல, சீதா. இனிமே வரவும் வராது. டாக்டர் என்ன வேணா சொல்லட்டும். நீ பழையபடி வந்து உட்காரு."

"பைத்தியமா உனக்கு? மீனை ஏன் நிறுத்தினே?"

"அந்த வாசனை உனக்கு..."

"வாசனையாவது ஒண்ணாவது!" சீதாலட்சுமியின் குரல் உடைந்தது. "அந்தச் சீட்டைப் படிச்சவளே நான்தானே? மீன், சாப்பிடலாம்ங்கிற பக்கத்துல இருந்தது. நெய்தான் கூடாதுங்கிற பக்கத்துல முதல்ல இருந்தது. பன்னிரண்டு வருஷமா நெய்ச் சாதத்துல பாதியை உன் தட்டுல தள்ளினது யாரு?"

மௌரீன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நெய் வாசனை வந்தா, 'ஒரே ஒரு வாய்'ம்பே. உனக்கு இல்லேன்னு சொல்ல எனக்கு வராது. உன் மீனைப் பார்த்து ஓடலடி. என் நெய்யைத் தூக்கிண்டு ஓடி வந்தேன்."

"நெய் இல்லாமலே கொண்டு வந்திருக்கலாமே?"

சீதாலட்சுமி வெட்கத்துடன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். சாதத்தின் ஓரத்தில் மட்டும் பொட்டளவு நெய் மினுங்கியது.

"நாலு ஸ்பூன்லேர்ந்து அரை ஸ்பூனுக்கு வந்துட்டேன். திங்கட்கிழமை அதுவும் இருக்காது. உன் பக்கத்துலயே வந்து உக்காந்துக்கறேன். நீ மட்டும் மீனோட வா."