இடது குதிகால்

கதவைத் தட்டிவிட்டு இன்னாசி செருப்பைக் கழற்றக் குனிந்தான். அவன் வளர்ந்த அநாதை விடுதியின் பழைய பதிவேட்டில் தேடிப்பிடித்த விலாசம் இது. இங்கே இருப்பவர் அவன் அப்பாவாக இருக்கலாம். வாசலில் ஏற்கெனவே வெவ்வேறு அளவில் ஏழு ஜோடி செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. வீடு நிறைய ஆட்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி ஒரு செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். ஏழு ஜோடியிலும் இடது குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "உங்க நடை அப்படி சார், தைச்சாலும் நிக்காது" என்று செருப்பு தைப்பவர் ஒவ்வொரு முறையும் அவனிடம் தொட்டுக் காட்டும் அதே பள்ளம். எல்லாவற்றிலும் தூசி படிந்திருந்தது. ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

கதவு திறந்தது. பெரியவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"நீயும் வந்துட்டியா. வா."

"உள்ள யாரெல்லாம் இருக்காங்க?"

"யாரு இருக்கா? நான் ஒருத்தன்தான்."

இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தவர், அவன் கழற்றிய ஒற்றைச் செருப்பை எடுத்துத் துடைத்து, வரிசையில் எட்டாவதாக வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த இன்னொண்ணு?"